சுருக்கத்துக்குக் காத்திருந்த கால்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தோலில் சுருக்கம் தேடுவதுதான் என் வேலை. மேஜையில் விரித்த தோலை உள்ளங்கையால் தடவுவேன். கழுத்துப் பக்கம் ஒரு கோடு தட்டுப்பட்டாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவேன். எத்தனை ஆடுகள் என்னைச் சபித்தனவோ தெரியாது.

விழுந்த கதையில் வீரம் எதுவும் இல்லை. வேலை முடிந்து வேனுக்குப் போகும் வழியில், எங்கள் மேனேஜர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, எல்லோர் முகத்தையும் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொழுப்பு ஏறியது. இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். இரண்டாவது எட்டு மூடியில்லாத கால்வாயில் இறங்கியது. பாதம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திரும்பினோம்.

கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு நொறுங்கியிருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்றார் வேலூர் டாக்டர். ஆனால் உடனே இல்லை. வெளியிலிருந்து எலும்புக்குள் கம்பிகளை இறக்கி, ஒரு சட்டத்தால் காலை அசையாமல் நிறுத்திவைத்தார்கள். பழைய டிவி ஆன்டெனா போலிருந்தது. கால் சுரைக்காயாக வீங்கி, தோல் மினுமினுத்தது. அவ்வளவு சுருக்கமில்லாத தோலை நான் பார்த்ததே இல்லை. ஏற்றுமதிக்கே அனுப்பலாம்.

"இந்தத் தோல்ல கத்தி வெச்சா மூடாது. வீக்கம் வடிஞ்சு சுருக்கம் விழணும். ரொம்ப நாள் தள்ளிப்போனாலும் எலும்பு கோணலா கூட ஆரம்பிச்சிடும். அதனால சுருக்கம் தெரிஞ்ச மறுநாளே ஆபரேஷன்," என்றார் டாக்டர்.

"சுருக்கம் இருந்தா நாங்க ரிஜெக்ட் பண்ணுவோம் டாக்டர்."

"நாங்க அப்பதான் பாஸ் பண்ணுவோம்."

சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கவில்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். அவருக்கும் அதே எலும்பு, அதே இடம். சீக்கிரம் தறிக்குத் திரும்பணும் என்று வேறொரு ஊரில் வீக்கத்தோடேயே ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்.

"தையல் போட்ட இடம் கறுத்துப்போச்சு அண்ணே. அப்புறம் உதிர்ந்துச்சு. ஒரு நாள் கட்டுப் பிரிச்சா, உள்ள தகடு பளபளன்னு தெரியுது. இப்ப வேற எடத்துலேர்ந்து சதையோட எடுத்து ஒட்டப்போறாங்க. அதுவும் புடிக்கலன்னா..." என்றவர், கையை முழங்காலுக்குக் கீழே குறுக்காக வைத்துக் காட்டினார்.

அன்றிலிருந்து என் தமாஷெல்லாம் வாயோடு நின்றது. ராத்திரியில் போர்வையை விலக்கி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் டாக்டர் வந்து, "என்ன செக்கர் சார், வந்துச்சா?" என்பார். "இல்ல டாக்டர்." அவர் அந்தப் பக்கம் போனதும்தான் எனக்கு மூச்சு வரும்.

எட்டாம் நாள் காலை அது வந்தது. கம்பிக்குக் கீழே, முடி அளவுக்கு மூன்று கோடுகள். வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பாழாய்ப்போன என் கண்ணுக்குத் தெரிந்தது. தோலை ஊறப்போட்டால் சுருக்கம் போய்விடும் என்பது எனக்கா தெரியாது? காலைத் தலையணையிலிருந்து இறக்கி, மறுபடி நீர் கோக்கட்டும் என்று கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டேன். வலி உச்சந்தலை வரை ஏறியது. டாக்டர் வருவதற்குள் கால் மறுபடி மினுமினுத்தது. "நாளைக்குப் பாப்போம்," என்றார். மறுநாளும் அதே வித்தை.

அதற்கும் மறுநாள் டிபன் கேரியரோடு சீக்கிரமே வந்துவிட்ட என் மனைவி பார்த்துவிட்டாள். அவளும் எங்கள் கம்பெனிதான், தையல் பிரிவு.

"இன்னா பண்றீங்க?"

"கால் காத்து வாங்குது."

அவள் சட்டத்தோடு காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துவிட்டு, குனிந்து பார்த்தாள். வீக்கம் இன்னும் ஏறியிருக்கவில்லை.

"எத்தினி நாளா இருக்குது இது?"

சொன்னேன்.

"எலும்பு கோணலா கூடிடும்னு சொன்னாரில்ல?"

"அந்த அண்ணனுக்குத் தகடே வெளிய தெரிஞ்சுதாம்."

"அவரு அவசரப்பட்டாரு, நீங்க ஏமாத்துறீங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் பயம் இல்லியா?"

டாக்டரிடம் அவளே சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. மறுநாள் காலைக்கு ஆபரேஷன் எழுதிவிட்டுப் போனார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். ஆனால் காது மரக்கவில்லை. துளை போடும் மிஷினையும் ஸ்க்ரூ இறுகுவதையும் கேட்டபடி கிடந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தோல் சேருதா டாக்டர்?"

"பேசாம படுங்க."

கட்டுப் பிரிக்கும் நாள் வரை அந்தப் பதிலோடுதான் படுத்திருந்தேன். பிரித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீ பாரு," என்று மனைவியிடம் சொன்னேன். ஒட்டியிருந்த துணி ஓரிடத்தில் சுரீரென இழுத்தது.

"கறுப்பா இருக்குதா?"

அவள் இன்னும் குனிவது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"சொல்லேன்."

"இருங்க, எண்ணிக்கினு இருக்கேன். பதினேழு தையல். மூணாவது கொஞ்சம் கோணை. எங்க லைன்ல இப்பிடிப் போட்டா பிரிச்சித் தெச்சிட்டு வான்னுவாங்க."

"தோலு?"

"ஒட்டியிருக்குது. கறுப்பெல்லாம் இல்ல." அவள் குரல் அங்கே உடைந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கி, "இன்னா அண்ணே, மூடிக்கிச்சா?" என்று கேட்டார்.

அவரிடம் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.