நாக்குக்கு அடியில்

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரைக்கு அடிமையானவள் நான். வீட்டில் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, தினமும் அடையாறில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போவேன். அங்கே தரும் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை பேசாமல் உட்கார வேண்டும். அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்கள் இருவர்தான். அங்கே வேலை செய்பவர்களுக்கு நான் ‘மேடம்’. இரண்டு பஸ் மாறி வரும் செல்வி, ‘ஏய்’.

ஒருநாள் மாடியிலிருந்த பல் டாக்டரிடம் வந்த எங்கள் பக்கத்து வீட்டு மாமி என்னைப் பார்த்துவிட்டார்.

“இங்க என்னடி பண்ணிண்டிருக்கே?”

வாயில் மாத்திரையின் கடைசித் துணுக்கு. இன்னும் மாத்திரை வாங்காத செல்விதான் பதில் சொன்னாள்.

“வைத்தியம் எனக்குதாம்மா. அக்கா தொணைக்கு வந்துகீறாங்க.”

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார்.

“இவாளுக்கெல்லாம் நீ ஏன் அலையறே?”

என் மாத்திரை அதற்குள் கரைந்திருந்தது. நான்தான் வாயைத் திறக்கவில்லை.