ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் நடுவே

என் மகள் பூமாவுக்கு ஏழு வயதில் தாகம் பிடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி கேட்பாள். வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டோம். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தினமும் இன்சுலின் (உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மருந்து) ஊசி போட வேண்டும், போட்ட அரை மணிக்குள் குழந்தை சாப்பிட்டாக வேண்டும் என்றார் டாக்டர். "ஊசி போட்டுட்டு பட்டினி போட்டீங்கன்னா குழந்தை பிழைக்காதும்மா." அறுபதுகளின் தொடக்கம் அது. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைக்கவும், மருந்துக் குப்பியை ஈர மணல் சட்டியில் புதைத்து வைக்கவும் நான் கற்றுக்கொண்டேன்.

இப்படி ஒரு குழந்தையை வளர்க்கும் தாய்மார்களே, மருத்துவத்தை டாக்டர் சொல்வார். வீட்டில் யாரை நம்பக்கூடாது என்பதை நான் சொல்கிறேன்.

என் கணவரின் அக்கா அலமேலு கைம்பெண், எங்களோடுதான் இருந்தாள். மரியாதைக்கு 'இருந்தார்' என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன்.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியன்று நான் தூரமாகிக் கொல்லைப்புற அறையில் ஒதுங்கியிருந்தேன். ஆனாலும் தீட்டுப் பார்க்காமல் ஊசியை நானே போட்டேன்.

"அக்கா, அரை மணிக்குள்ள அவளுக்கு ஏதாவது குடுத்துடுங்கோ."

"தெரியும்டி ஜானகி. நீ தொட்டுட்டே, தலைக்கு ஜலம் விட்டுட்டுத் தரேன்."

குளிப்பாட்டினாள். சாப்பாடு கொடுக்கவில்லை. ஏகாதசியன்று பெருமாளைச் சேவிக்கப் போகிற குழந்தை அன்னத்தைத் தொடலாமா என்று, துளசி தீர்த்தம் மட்டும் கொடுத்துக் கோயில் கூட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை அபாயமாகக் குறைவது) வந்தால் வியர்க்கும், உடம்பு நடுங்கும், பேச்சு குழறும். பூமாவுக்கு மூன்றும் வந்தன. அலமேலு அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் என் குழந்தையைப் பார்த்துக் கைகூப்பினார்களாம். பூமா விழுந்து கைகால் இழுத்தபோதுதான் யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் "அம்மா, பசிக்கிறது" என்றாள். அழுதேன். அழுதுகொண்டே அலமேலுவை என்ன செய்வது என்று யோசித்தேன்.

வீடு திரும்பியதும் சொன்னேன்: "இனிமே ஒவ்வொரு ஏகாதசிக்கும் நீங்கதான் உங்க கையால சாதம் பிசைஞ்சு அவளுக்கு ஊட்டணும்."

ஏகாதசியன்று அன்னத்தைக் கண்ணால் பார்ப்பதையே பாவமாக நினைப்பவள் அவள். "என்னைப் பாவத்துல தள்ளாதேடி" என்று கெஞ்சினாள்.

"தள்ளத்தான் போறேன்."

மாதம் இரண்டு முறை அவள் பிசைந்தாள், ஊட்டினாள். நான் எதிரே நின்று பார்த்தேன். அவள் விரல் நடுங்குவதைப் பார்ப்பதற்காகவே அடுத்த ஏகாதசிக்குக் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐந்து வருஷம் போனது. ஒரு ஏகாதசியன்று நான் ஊசியைத் துடைத்து வைப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் கேட்டது. "பூமா, நாழியாறது. வாடி கண்ணு." யாரும் சொல்லாமலே பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் நடுக்கம் இல்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கொடுத்த தண்டனையை இவள் எப்போது சந்தோஷமாக ஆக்கிக்கொண்டாள்?

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். "போதும்க்கா. பன்னெண்டு வயசாச்சு. இனிமே அவளே சாப்பிட்டுப்பா."

அலமேலு சாதம் ஒட்டிய கையை அலம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோயிலிலிருந்து குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய அன்றுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை என்றார் என் கணவர். என் பழி அன்றுதான் தீர்ந்தது.

ஊசி போட்ட பிறகு வரும் அரை மணி எனக்கு இன்னும் ஒரு பகல் அளவுக்கு நீள்கிறது. பூமா முதல் கவளத்தை விழுங்கினால்தான் என் தொண்டையில் எச்சில் இறங்குகிறது. ஏகாதசியன்று கூடத்து ஓரத்தில் அலமேலுவும் பூமாவின் வாயையே பார்த்துக்கொண்டு, அவள் விழுங்கும்போது கூடவே விழுங்குகிறாள். நான் அதைப் பார்க்கிறேன். ஊட்ட வரச்சொல்லி இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.