ஏழுமலை வில்லை

புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த கோவர்த்தனனுக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. வில்லைப் பைத்தியம் ஒன்றுதான். வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டியபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பதக்கம், சுதந்திரத்துக்கு அடித்த பதக்கம், ஆந்திர ராஜ்யம் பிறந்த அன்று விற்ற, பூர்ணகும்பம் போட்ட பித்தளை வில்லை என்று தகரப் பெட்டி நிறையச் சேர்த்திருந்தார். உயிரெல்லாம் எல்லைக் கிளர்ச்சிக்காரர்கள் வார்த்து விற்ற செப்பு வில்லைமேல். ஏழு மலையும் கீழே 'வேங்கடம்' என்று தமிழும் அதில் இருந்தன.

சித்தூர் ஜில்லா தமிழ்நாட்டுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த காலம். அப்போதும் ஞாயிறு தவறாமல் வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறவன் சிட்டிபாபு. ரேணிகுண்டா ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், வீட்டில் தெலுங்கு, சின்ன வயதுச் சிநேகிதன். பூர்ணகும்ப வில்லையைத் தேடிக் கொடுத்ததே அவன்தான்.

கோவர்த்தனன் விஷக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். எழுந்ததும் பெட்டியைத் திறந்தார். செப்பு வில்லை இல்லை.

புத்தி நேராகச் சிட்டிபாபுவிடம் போய் நின்றது. காய்ச்சலில் கிடந்தபோது வந்தவன் அவன்தானே? பெட்டி இருக்கும் இடம் தெரிந்தவனும் அவன்தானே? ஆந்திராவுக்குக் கொடி பிடிக்கிற அவன் ஆட்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு அவன் சாத்துக்குடி வாங்கி வந்ததற்கும் ஒரு காரணம் தோன்றியது. அவன் சட்டைப் பையில் கை விட்டால் சந்தேகம். விடாவிட்டால் அதைவிடச் சந்தேகம். உடம்பு தேறட்டும் என்று அன்று அவன் பெட்டியைக் கேட்காமல் போனதும், இவர் முடிவே கட்டிவிட்டார். சிட்டிபாபுவுக்குச் சோறு போடுகிற மனைவி யசோதா சண்டைக்கு வருவாள் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. டீக்கடையில் நாலு பேர் முன்னால் வாய்விட்டார்.

"சிட்டிபாபுதாம்பா கை வச்சிக்கிறான். வேற யாரு வந்தாங்க?"

பேச்சு ரேணிகுண்டா வரை போயிற்று. சிட்டிபாபு வருவது நின்றது. திருடன் எப்படி வருவான் என்று கோவர்த்தனன் திருப்திப்பட்டுக்கொண்டார்.

புரட்டாசியில் யசோதா திருமலைக்குப் புறப்பட, சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். உள்ளே காசைவிடப் பெரிதாக, வட்டமாக ஏதோ இருந்தது.

"இன்னாமே இது?"

"நீ ஜொரத்துல பெனாத்திக்கினு கெடந்தியே, அப்ப வேண்டிக்கினு முடிஞ்சது. கையில சில்லறை இல்ல. அந்த வில்லையில அவரு மலைதானே போட்டுக்கீது? அவரு காசு அவருக்கே போவட்டும்னு முடிஞ்சிட்டேன். சொன்னா நீ அவுக்கச் சொல்லுவ."

வெட்கத்தில் அவருக்குக் காது எரிந்தது. சாமிக்கு முடிந்ததை அவிழ்க்கக் கூடாது. முடிச்சோடு அப்படியே ரயிலேறி ரேணிகுண்டாவில் இறங்கினார். தண்டவாளத்தோரம் சிட்டிபாபு கொடியோடு நின்றிருந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. ஊட்லயே இருந்துது, தொட்டுப் பாரு. நீயும் மலைக்கு வா, சேர்ந்து உண்டியல்ல போட்டுட்டு வரலாம்."

சிட்டிபாபு துணியைத் தொடவில்லை.

"கெடச்சிது, அதனால நான் திருடன் இல்ல. கெடைக்காமலே போயிருந்தா, அண்ணா?"

கோவர்த்தனன் முடிச்சை மடியில் செருகிக்கொண்டு தனியாகத் திரும்பினார்.

எல்லை தீர்ப்பாகிப் புத்தூர் ஆந்திராவோடே நின்றது. அதற்குப் பிறகு அவர் வில்லை சேர்க்கவில்லை. பார்க்க வருகிற ஒரே ஆளையும் விரட்டிவிட்டு, யாருக்காகச் சேர்ப்பது?