முதலில் மேற்கே பார்

அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம் ஒரு துப்பாக்கி. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி; சத்தம் மட்டும் போடும். அதைத் தூக்கவும் தேர்வு எழுதித் தேற வேண்டும். விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்பது என் நம்பிக்கை. மற்றவர்களுக்கு அதுதான் தொல்லை.

ஆமத்தூர்ப் பக்கம் பயிற்சி கொடுத்துவந்த கோச் ஒருவர் என்னைத் துப்பாக்கியோடு வரச் சொன்னார். அவரிடம் நூறு மீட்டர் ஓடும் கல்லூரி மாணவி ஒருத்தி. விசிலுக்குப் பறந்தாள். துப்பாக்கி வெடித்தால் மட்டும் தலை மேற்கே திரும்பும், பிறகுதான் கால் நகரும். மேற்கேதான் அவள் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி. உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சத்தம் கேட்டால் புகை எழுகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே வீட்டுக்கு வீடு முதல் விசாரணை.

மாவட்டப் போட்டி நெருங்கியது. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கோச் ஊர் வழக்கப்படி முதலில் பட்டாசையே நம்பினார். சத்தம் பழகட்டும் என்று அவள் ஓடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் வெடி கொளுத்திப் போட்டார். கொஞ்ச நாளில் அவள் விசிலுக்கும் திரும்ப ஆரம்பித்தாள்.

"ஏ புள்ள, இனிமே திரும்பாதன்னு சொல்ல மாட்டேன். குனியுறதுக்கு முன்னாலயே மேற்க நல்லாப் பாத்துக்கோ" என்றார் கோச்.

"வெடிச்ச பெறகுதான சார் புகை வரும்? முன்னால பாத்து என்ன செய்ய?"

"வானம் சும்மா கெடக்குன்னு தெரிஞ்சிட்டா, பெறகு கேக்குறது இந்தச் சாரோட துப்பாக்கி டப்பு மட்டுந்தான்னு மனசு நம்பும்ல. மூச்ச விட்டுட்டுக் குனி."

"என்னைக்காச்சும் ரெண்டு சத்தமும் ஒண்ணா வந்தா?"

கோச் என் பக்கம் திரும்பினார். என் விதிப்புத்தகத்திலும் அதற்குப் பிரிவு இல்லை.

போட்டியன்று "ஆன் யுவர் மார்க்ஸ்" என்றேன். எல்லோரும் குனிந்தார்கள். அவள் மட்டும் நின்று மேற்கே பார்த்தாள். தாமதித்தால் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். வெளியூர் நடுவர் என் காதருகே வந்தார்.

"என்ன சார், சாமி கும்பிடுதா அந்தப் பொண்ணு?"

"ஆமா சார். எங்க ஊர்ச் சாமி மேற்கதான் இருக்கு."

எது தாமதம் என்று தீர்மானிப்பவன் நான். காத்திருந்தேன். அவள் மூச்சை விட்டுக் குனிந்தாள். "செட்." சுட்டேன். தலை திரும்பவில்லை. இரண்டாவதாக வந்தாள், மாநிலப் போட்டிக்குப் போக அது போதும்.

கோச் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அம்மாட்ட எப்பச் சொல்லப் போற?"

"சாயங்காலம் வேன்ல வந்து எறங்கட்டும் சார்" என்றவள், குடிக்காமல் மறுபடியும் மேற்கே பார்த்தாள்.

அடுத்த பந்தயத்துப் பெண்கள் கோட்டுக்கு வந்தார்கள். துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன், எந்த விதியிலும் இல்லாத வேலையாக, நானும் ஒருமுறை மேற்கே பார்த்துக்கொண்டேன்.