அழிக்க முடியாத வரி

திரை கீறிய பழைய போன் ஒன்று என் வேனின் டேஷ்போர்டில் கிடக்கிறது. சிம் கிடையாது. சாரல் தொடங்கும் நாளில் மட்டும் சார்ஜ் ஏற்றித் திறப்பேன். 'நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்' என்ற ஒரே வரிக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

நீக்கியவர் தென்காசியில் எங்கள் வேன் ஸ்டாண்டு சங்கத்தின் செயலாளர். குற்றாலத்துக்கு எந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி என்பதை டர்ன் என்போம். அந்த வரிசையை அவர்தான் தினமும் குழுவில் போடுவார். நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் தேன். ஒரு நாள் என் வண்டிக்கு முன்னால் அவர் மச்சினன் வண்டி ஏறியிருந்தது. "அண்ணாச்சி, நேத்து கடைசியில நின்ன வண்டி இன்னைக்கு எப்பிடி முன்னால வருது?" என்று குழுவிலேயே கேட்டேன். உடனே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். குழுவில் பெயர் இல்லாதவனுக்கு டர்ன் இல்லை. அந்த சீசன் முழுக்க, ஐந்தருவிக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தபடி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கடந்துபோகையில் சிரிப்பார்.

கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். இலவச மென்பொருள், எந்தக் கம்பெனியின் பிடியிலும் இல்லாதது. வரிசையின் முழு நகல் ஒவ்வொருவர் போனிலும் இருக்கும். யார் எதை மாற்றினாலும் பெயரோடு பதிவாகும். "இதுல யாரும் யாரையும் வெளிய தள்ள முடியாதுப்பா," என்றாள். டிரைவர்களை டீக்கடையில் ஒவ்வொருவராகப் பிடித்து அதைப் போனில் ஏற்றிக்கொடுத்தேன். நியாயத்துக்காக என்று சொன்னேன். பொய். செயலாளர் முகம் கறுப்பதைப் பார்க்கத்தான். எல்லோரும் வந்தபின் வேறு வழியில்லாமல் அவரும் வந்தார்.

அடுத்த சீசனில், பழக்கதோஷம், மச்சினன் வண்டியை வரிசையில் மேலே ஏற்றினார். யாராவது கேட்பதற்குள் இறக்கியும் விட்டார். பழைய குழுவில் அதோடு போயிருக்கும். இங்கே ஏற்றியதும் இறக்கியதும் அவர் பெயரோடு எல்லோர் போனிலும் நின்றன. சங்கத் தேர்தலுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

தூறலில் நனைந்தபடி என் வேனுக்கு வந்தார். "ஏலே, அந்த ரெண்டு வரிய மட்டும் அழிச்சிரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"என் போன்ல அழிச்சாலும் மத்தவங்க போன்ல இருக்குமே அண்ணாச்சி," என்றேன், வாயெல்லாம் பல்லாக. பிறகு பழைய போனைத் திறந்து அவர் முன் நீட்டினேன். "மொதல்ல இத நீங்க அழிங்க, பாப்போம்."

படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார். தேர்தலில் தோற்றார். அன்றே அவரை இந்தப் புதுக் குழுவை விட்டும் தூக்க ஆசைப்பட்டு மகளிடம் கேட்டேன். "முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லாப்பா," என்றாள்.

இப்போது அவரும் வேன் ஓட்டுகிறார். இன்று சாரல் தொடங்கிவிட்டது. எனக்கு அடுத்த டர்ன் அவருடையது; பின்னால் தன் வேனில் அவர் உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது. போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.