எந்த லைன் ஜாம்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். ஜார்ஜ் டவுனில் நான் தாதியாக இருக்கும் குழந்தைகள் வார்டில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளின் நெஞ்சில் போட்டிருக்கும் குழாயைத் தொடும்போது மட்டும் நான் பரம சாது. இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தநாளம் வரை போகும் குழாய் அது. கை கழுவி, குழாயின் வாயை மருந்துப் பஞ்சால் தேய்த்துக் காயவிட்டு, உப்புநீரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ள வேண்டும். நாங்கள் அதை 'லைன்' என்போம். ரத்தப் புற்றுநோயோடு பாகான் டாலாமிலிருந்து வந்த பாப்பா, ஆறு வயசு, அதை 'என் வாலு' என்பாள்.

அன்று காலை அந்த வாலுக்குள் உப்புநீர் போகவில்லை. அழுத்தித் தள்ளக்கூடாது, குழாய் வெடித்துவிடும். சில நேரம் குழாயின் நுனி ரத்தநாளத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினாலோ இருமினாலோ விட்டுவிடும்.

"இருமு கண்ணு."

"மாட்டேன்."

"கையைத் தூக்கும்மா."

"மாட்டேன் போ!"

அடைப்பைக் கரைக்கும் மருந்து கொண்டுவரச் சொன்ன டாக்டர், அதற்கும் சரிப்படாவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர், புதுக் குழாய் என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. போர்வைக்குள் புகுந்தவள் வெளியே வரவேயில்லை. போன தடவை தியேட்டர் வாசலில் அவள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

அம்மா துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தார். கடலுக்கு அக்கரையில், பிறைத் தொழிற்சாலையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, லைன் ஜாம் ஆயிருச்சு. சீக்கிரம் வாங்க, டாக்டர் பேசணுமாம்."

"ஜாமா? பரவால்ல மிஸ்ஸி, நான் ஃபெரியில வந்துர்றேன்லா."

வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கிறது, பரவாயில்லையாமே!

காற்றில் கலைந்த தலையும், கையில் கரிப்பாப் பலகாரப் பொட்டலமும், முகமெல்லாம் சிரிப்புமாக வந்து நின்றார் மனுஷன்.

"நல்லவேளை சொன்னீங்க மிஸ்ஸி. மோட்டார் சைக்கிள ஃபெரியில ஏத்திட்டேன். கடல் பாலத்துல எந்த லைன் ஜாம்? இடதா, வலதா?"

நான் வாயைத் திறக்குமுன் போர்வை விலகியது.

"ஐயோ அப்பா! பாலம் இல்லப்பா! என் வாலு ஜாம்!"

பொட்டலத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, "வாலா?" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முழித்த முழியைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அப்பா ஃபெரியில வந்தாரு!" என்று சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள்.

அடி என் தங்கமே! இதைத்தானே காலையிலிருந்து கெஞ்சினேன்? ஓடிப்போய்க் கை கழுவி, குழாயின் வாயைத் துடைத்து, ஊசிக்குழலை மெதுவாக இழுத்தேன். நுனி விடுபட்டு ரத்தம் வந்தது. உப்புநீர் வழுக்கிக்கொண்டு போனது. ரத்தத்தைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான். டாக்டர் தியேட்டர் வேண்டாம் என்றார். கரிப்பாப்பை எல்லாரும் பங்குபோட்டோம்.

அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் அவர் ஹலோ சொல்வதில்லை. "எந்த லைன் மிஸ்ஸி?" என்றுதான் கேட்பார்.

வைத்தியம் எல்லாம் முடிந்து குழாயை எடுத்த அன்றும் அப்படித்தான் கேட்டார். பாப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, எனக்கு இனிமே லைனே இல்லப்பா!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் போனை வாங்கினேன்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இருக்கேன் மிஸ்ஸி."