ராயபுரத்தில் மட்டும் இறங்கிய குரல்

கிராமபோன் பிளேட்டு விற்கிறவனுக்குப் பாட்டு இனிக்காது. ஒரே பாட்டை நாள் முழுக்கப் போட்டுக் காட்டிப் பாருங்கள், தெரியும். ராயபுரம் மார்க்கெட் பக்கத்தில் அப்படியொரு கடையில் சில வருஷம் குப்பை கொட்டினேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர் யாராவது இதைப் படித்தால், என் கால்வலியைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டு கட்சி

அப்போது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் திருப்போரூர் மாசிலாமணி என்றால் உயிர். நாடகக்காரர். தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். அவருடைய கப்பல் பாட்டு, ரங்கூனுக்குப் போகும் புருஷனைக் கரையில் நின்று பார்க்கும் பெண் பாடுவது. கடைசி அடியில் குரல் மெல்லத் தணிந்து, இழுபட்டு, கனத்துப் போய் நிற்கும். அந்த இறக்கத்தைக் கேட்பதற்கென்றே சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் கூடும். வாங்குகிறவர்கள்தான் குறைவு.

குரல் ஏன் இறங்குகிறது என்பதில் இரண்டு கட்சி. ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலு, கப்பல் தூரம் போகப் போக அதன் சங்கு எப்படிக் கேட்குமோ அப்படிப் பாடுகிறார் என்பான். சர்ச்சில் பாடும் சூசை அண்ணன், அதெல்லாம் இல்லை, அழுகை தொண்டையை அடைக்கிறது என்பார். ஒரு நாள் பேச்சு முற்றி வேலு சட்டைக் கையை மடித்துவிட்டான். சூசை அண்ணன் அசையவில்லை. "பெரிய வெள்ளிக்கெயம கோயிலாண்ட வந்து கேளு நைனா. அயுதா கொரலு இப்டித்தான் எறங்கும். கப்பலுக்கு இன்னா தெரியும் அயுகையப் பத்தி?"

அரைச் சாவி

கஸ்டம்ஸ் குமாஸ்தா ஒருவர் கப்பல் பாட்டை வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்து, கெட்டுப்போன பிளேட்டைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை பிடித்தார். வீட்டில் குரல் இறங்கவில்லையாம். எங்கள் மிஷினில் போட்டுக் காட்டினேன், வழக்கம்போல இறங்கியது. சமாதானமாகிப் போனவர் அதற்கடுத்த நாளும் வந்து நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மிஷின் கிழடு. முழுச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று முதலாளி அரைச் சாவிக்குமேல் முறுக்க விடமாட்டார். மற்ற பாட்டுக்கெல்லாம் அது போதும். கப்பல் பாட்டு நீளம். கடைசி அடி வருவதற்குள் ஸ்பிரிங் ஓய்ந்து பிளேட்டு தள்ளாடிச் சுற்றும். மாசிலாமணியின் குரல் எங்கேயும் இறங்கவில்லை; எங்கள் மிஷினுக்குத்தான் மூச்சு வாங்கியது. இதைக் குமாஸ்தாவுக்கு விளக்கமாகவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்போ என் மிஷினைத் தள்ளிட வேண்டியதுதான். உங்க முதலாளி இதை விற்பாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

கொட்டகையில் கூச்சல்

கொஞ்ச நாளில் மாசிலாமணியின் கம்பெனியே எங்கள் பேட்டைக் கொட்டகைக்கு வந்தது. போன ஊர்களில் எல்லாம் கூட்டம் இல்லை, ராயபுரமும் கைவிட்டால் கம்பெனியைக் கலைக்க வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் பிளேட்டு விற்க முதலாளி என்னை அனுப்பியிருந்தார். கப்பல் பாட்டு வந்ததும் கொட்டகை அடங்கியது. கடைசி அடியை அவர் கணீரென்று, நிமிர்ந்த குரலில் பாடி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், பிறகு எல்லோரும் கத்தினார்கள். பாவம், குரல் எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதே அடியை இன்னும் ஓங்கிப் பாடினார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரை இறங்கியதும் கொட்டகை காண்டிராக்டர் அவரிடம் வந்தார். "நாளைக்கும் இதே ரகளைன்னா, நாளானிக்கு நீங்க மூட்டையைக் கட்டிக்கலாம், பாகவதரே."

அவரே வந்தார்

காலையில் கடை திறக்கும்போதே மாசிலாமணி வாசலில் நின்றிருந்தார். அரிதாரம் காதோரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பாட்டில் இந்த ஊருக்கு என்ன குறை என்று கேட்டார். நான் பிளேட்டைப் போட்டேன். கடைசி அடியில் அவர் புருவம் சுருங்கியது. அரைச் சாவி விவகாரத்தைச் சொன்னேன். கடையை இரண்டாக்கப் போகிறார் என்று பயந்து மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதலாளியின் சொத்து அது ஒன்றுதான்.

அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் பாடினதைவிட இது நல்லா இருக்கே, தம்பி. அதே அரைச் சாவி இன்னொரு தடவை குடு."

மறுநாள் ஆட்டம்

மத்தியானம் வரை அவர் எங்கள் மிஷினுக்குச் சிஷ்யராக இருந்தார். அன்றைய ஆட்டத்தில் கப்பல் பாட்டின் கடைசி அடி வந்தபோது, குரலைத் துளித் துளியாக இறக்கி, இழுத்து, கிட்டத்தட்ட பேச்சாக்கி நிறுத்தினார். கொட்டகையில் இருமல்கூட இல்லை. சூசை அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாம் ஸ்பிரிங் செய்த வேலை என்று தெரிந்த எனக்கே கண் கலங்கியது, சொல்வதற்கென்ன வெட்கம். கைதட்டல் ஓய்வதற்குள் காண்டிராக்டர் அடுத்த வாரத்துக்கும் போஸ்டர் ஒட்டச் சொல்லிவிட்டார். வேலு கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தான். "நேத்து வந்தது டூப்ளிகேட்டு மாமு. இன்னிக்கி வந்துகீறவர்தான் நம்ம ஆளு!"

பிறகு அதே கப்பல் பாட்டை மாசிலாமணி குரலை இறக்கியே பாடிப் புதுப் பிளேட்டாக்கினார். எங்கள் மிஷின் அதை இன்னும் கொஞ்சம் இறக்கிவைத்தது. அதற்கும் ராயபுரத்தில் இரண்டு கட்சி சேர்ந்துவிட்டது.